சிறுநீர்ப் பட்டையை நம்பலாமா?

ஹைதராபாத் வெயிலில் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா? மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரை உள்ளே போனபின் எடுத்த சிறுநீர் மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். முதலில் மாதிரி, பிறகுதான் மருந்து. கையில் காசு இல்லையென்றால் பக்கத்து பஸ்தி தவாகானாவில் (அரசு இலவச கிளினிக்கில்) கேளுங்கள்.

மாதிரியில் நனைத்தால் இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்லும் சோதனைப் பட்டையில் முக்கியமானவை இரண்டு கட்டங்கள்: நைட்ரைட், வெள்ளையணு. தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி, சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற நேரம் பிடிக்கும். அதனால் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே நல்லது. தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பானால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். மாறாவிட்டால் தொற்றே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாக் கிருமிகளும் நைட்ரைட் உண்டாக்குவதில்லை. பட்டைப் புட்டியை உடனே மூடுங்கள், குளியலறையில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் முடிவு தவறும்.

எந்த மருந்து கேட்கும் என்பதைப் பட்டை சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான், இரண்டு மூன்று நாளாகும். ஸ்வீடனில் உருவான பிஏ-100 கருவி அதையே 45 நிமிடத்தில் சொல்கிறது. 2024-இல் 80 லட்சம் பவுண்டு லாங்கிடியூட் பரிசு பெற்றது அதுதான். நம்மூர் கிளினிக்குகளுக்கும் இப்படியொன்று சீக்கிரம் வரவேண்டும்.

குளிர்காய்ச்சல், விலாவலி, கர்ப்பம், சின்னக் குழந்தை என்றால் பட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.