ஒற்றைத் தோளின் பாரம்

ஈப்போ

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஸ்டோர் உருளைக்கு இடக்கையை முழங்கைக்குக் கீழே பறிகொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒரு கையாலேயே உங்களையெல்லாம் ஆளாக்கிய உன் தகப்பனாருக்கு, இப்போது அந்த வலத்தோளிலும் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று அறிந்து வருந்தினேன். ஆனால் கடிதத்தின் நடுவே, 'ஒரு கை போனவருக்கு மறு கையில் இரட்டைப் பலம் வந்துவிடும் என்கிறார்களே, பின் எப்படி அறுந்தது?' என்று கேட்டிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் அல்ல, எவ்வித விசாரணையுமின்றி இந்த அபிப்பிராயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பரப்பி வருகிறவர்கள்மேல்.

வருவது இரட்டை வேலை, தம்பி. தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. எலும்பின் தலையை அதில் நிலைநிறுத்துபவை நான்கு சிறு தசைகளின் நாண்களே. வாளி தூக்குவதும், கதவு தள்ளுவதும், நாற்காலியை ஊன்றி எழுவதும் வருஷக்கணக்கில் ஒரே தோளின் பொறுப்பானால் அந்த நாண்கள் நைந்துபோவதில் ஆச்சரியம் என்ன? ஹாலந்து தேசத்தில் கை இழந்தோரிடையே நடந்த ஆராய்ச்சியொன்று, தோள், கழுத்து முதலிய இடங்களின் நோவு அவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டது.

தோட்டத்தில் பிறந்த உனக்கு இதைப் பால்மரத்தைக் கொண்டு விளக்குவதே எனக்குப் பிரியம். அந்த ரப்பர் மரத்தைப் பரப்பிய ரிட்லி என்ற தாவர சாஸ்திரியைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் விடாமல் படிப்பவன் நான். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தை நிர்வகித்து, நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்த அவர், காப்பித் தோட்டக்காரர்களின் சட்டைப்பைகளில் ரப்பர் விதையைத் திணித்து, பைத்தியக்காரர் என்றே பெயரெடுத்தார். அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பாலெடுத்த முரட்டு வழக்கத்தை விலக்கி, பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவி, உள்ளே பட்டையை வளர்க்கும் படலத்தைத் தீண்டாமல் விடும் முறையை ரிட்லி வகுத்தார். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். ஒரு பக்கம் வெட்டுப்படுகையில் மறுபக்கம் இளைப்பாறும். அந்த இளைப்பாறுதலைக் கொடுக்காமல் ஓயாது வெட்டினால், மரம் பச்சைப் பசேலென்று நின்றபடியே பால் வற்றிப்போகும். உன் தகப்பனாரின் தோளுக்கு மறுபக்கம் என்று ஒன்று இல்லாமற்போயிற்று.

இனி, அறுவைக்குப்பின் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற உன் மற்றக் கேள்விக்கு வருகிறேன். தைத்த நாண் எலும்போடு ஒட்டும் வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம், கை தூக்குத்துணியில் தானாக அசையாது கிடக்க வேண்டும். பளு தூக்க மூன்று மாதமேனும் செல்லும். மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளில், 'நல்ல கையால் சிகிச்சை பெற்ற கையைத் தாங்கி உயர்த்தவும்' என்றிருக்கும். அது இவருக்கு எப்படிப் பிரயோஜனப்படும்? அறுவைக்கு முன்பே பிசியோதெரபி செய்பவரைக் கண்டு, நீ தாங்கி உயர்த்தும் முறையைக் கற்றுக்கொள்.

செயற்கைக் கை இருக்கிறதே என்று நினைத்துவிடாதே. கம்பியால் இயங்கும் அந்தக் கையின் வார்ப்பட்டை நல்ல தோளின் அக்குளைச் சுற்றித்தான் போகிறது; தோளை முன்னே குவித்தால்தான் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். ஆகவே வலத்தோளைத் தைத்ததும் இடப்பக்கத்துக் கொக்கியும் கூடவே முடங்கிவிடும். எஞ்சிய இடக்கையில் தோல்பட்டை கட்டி, அதில் கரண்டியைச் செருகிச் சாப்பிட இப்பொழுதே அவர் பழகட்டும். கைலியை இடுப்பில் செருகிக் கட்ட முடியாது. எலாஸ்டிக் வைத்த கால்சட்டை வாங்கு. கையை ஊன்றாமல் எழும்படி நாற்காலியையும் கட்டிலையும் உயர்த்திவை. ஒரு நாள் முழுதும் வலக்கையை உடம்போடு கட்டிக்கொண்டு இவற்றையெல்லாம் அவர் ஒத்திகை பார்க்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் உன் ஏற்பாட்டில் குறை இருக்கிறது.

ஊசியும் இரத்த அழுத்தப் பட்டையும் வழக்கமாக மறு கையில் போடுபவை. மயக்க மருந்து டாக்டரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டால், காலில் போடுவது முதலான மாற்று வழிகளை யோசித்து வைப்பார். வார்டில் அழைப்பு மணியை எந்த அவயவத்தால் அழுத்துவது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடு.

குளிப்பாட்டுவதும் கழுவிவிடுவதும் யார் என்பதை நீயோ அம்மாவோ தீர்மானிக்கக் கூடாது, அவரையே கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து தையல் பிரிந்தால் மீண்டும் ஆஸ்பத்திரி என்பதைத் தயங்காமல் எடுத்துச் சொல். அவருக்கு வீரத்தை உபதேசிக்க வரும் உறவினரை வாசலிலேயே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பு. ஒரு கையால் இத்தனை காலம் உழைத்தவருக்குப் புதிதாய்ப் போதிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது?

சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்பைத் தேடி எடு. அதற்கான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் மறுவாழ்வு உதவிகளில் செயற்கை அவயவமும் பிசியோதெரபியும் அடக்கம். தோள் தேறியபின், அக்குளை அழுத்தாத வேறு வார்ப்பட்டை அமைப்பு அவருக்குச் சரிப்படுமா என்று அங்கே கேட்டு எனக்கு எழுது.

ஆசியுடன்,
உன் ஆசிரியன்