பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் தம்பிக்கு

தம்பி, பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேனாகச் சேரப் போகிறாய், முதல் போஸ்டிங்கே பொது மருத்துவ வார்டு என்று உன் அம்மா சொன்னாள். மருந்தின் அளவெல்லாம் உன் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதில் இல்லாததைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1. நீ நினைக்கும் நோயோடு எது ஒட்டவில்லையோ, அங்கேதான் நீ நின்று பார்க்க வேண்டும். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் புது வைரஸைக் கண்டுபிடித்த பிறகுதான் நிப்பா என்ற பெயரே வந்தது. அந்தக் கொள்ளையில் 265 பேர் படுத்தார்கள், 105 பேர் எழவில்லை.

2. பட்டம் மாஸ்க் ஆகாது. 1879இல் இதே பினாங்கில் பிறந்த வூ லியன் தே, 1910 குளிரில் பிளேக் பரவிய மஞ்சூரியாவுக்குப் போய், இந்தப் பிளேக் மூச்சுக்காற்றில் பரவுகிறது, முகத்தைத் துணியால் மூடுங்கள் என்றார். வயதிலும் பதவியிலும் பெரியவரான பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. மூடாத முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார், சில நாளில் அதே நோயில் போனார். சின்னவன் சொன்னாலும் காது கொடு. நாளைக்கு உனக்கும் சின்னவர்கள் வருவார்கள்.

3. ஆய்வுக் கட்டுரையை முழுசாகப் படி. கோவிட் காலத்தில் ஐவர்மெக்டினுக்கு ஆலாய்ப் பறந்தார்கள், நினைவிருக்கும். நம் அரசு மருத்துவர்கள் சண்டைக்குப் போகாமல் சோதித்தே பார்த்தார்கள். ஈப்போவின் ஸ்டீவன் லிம் தலைமையில், 2021இல், 50 வயது தாண்டிய 490 நோயாளிகள். மருந்து சாப்பிட்டவர்களில் 21.6 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது, சாப்பிடாதவர்களில் 17.3. பலன் இல்லை. அதே கட்டுரையில் இறந்தவர்கள் கணக்கு மூன்றுக்குப் பத்து என்று மருந்துக்குச் சாதகமாக நிற்கும். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் என்று ஆய்வாளர்களே எழுதிவைத்தும், வேண்டியவர்கள் அதை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அந்தக் கட்டுரையின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்: இடறும் எண்ணையும் ஒளிக்காமல் வைத்தார்கள்.

4. நோயாளியைக் கடிந்துகொள்ளாதே. 2023 தேசிய ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்கள் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்பு நீர். அவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. இந்த விஷயத்தில் நம் இனம்தான் முன்வரிசை. 'நாசி கண்டாரை விடுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவது வைத்தியமா? வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல். ஓயாத வயிற்றுப்போக்கு என்று வந்த ஒரு பாட்டி, மைலோ டின்னை என் மேசையில் கவிழ்த்தார். அரசு கிளினிக் கொடுத்த மெட்ஃபோர்மின் ஒரு பக்கம், தனியார் கிளினிக் வேறு பெயரில் கொடுத்த அதே மெட்ஃபோர்மின் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார், நல்ல பாட்டி! கூடவே முட்டிவலிக்குப் பேத்தி வாங்கித் தந்தது. சிறுநீரகத்துக்கு ஆகாத சரக்கு. எந்த ஸ்கேனும் இதைக் காட்டியிருக்காது. ஆ, செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கையும் பார்.

5. வலிக்கிறதா என்று ஹொக்கியனிலும் மலாயிலும் கேட்கப் படித்துக்கொள். இதற்கு ஒரு சாயங்காலம் போதும்.

6. மிஸ்ஸி கூப்பிட்டால் எழுந்து போ. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பலருக்குக் கெட்ட நேரம். சார்ட்டைப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். 'அங்கிள் ஒரு மாதிரி இருக்கார் டாக்டர்' என்று மிஸ்ஸி சொன்னால், சார்ட்டைத் திறக்காதே, அங்கிளின் கையைத் தொடு. சில்லென்று இருந்தால், வயிறு வலிக்கிறது என்றால், ஹெமட்டோக்ரிட் ஏறியிருந்தால், எம்ஓவை எழுப்பு. விடியற்காலை மூன்று மணி என்றாலும் எழுப்பு. திட்டுவார், வாங்கிக்கொள்.