மீள்செய்கைப் பிழையும் ‘வரை’ என்னும் சொல்லும்

கணினிக்கு ஏவல் எழுதும் கலையைச் செய்நிரலாக்கம் என்பர். எத்துணைப் பெரிய செய்நிரலாயினும் அஃது அடிப்படையில் மூன்று அமைப்புகளால் இயன்றதேயாம். ஏவல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுதல் தொடர்; இரண்டனுள் ஒன்றைத் தேர்தல் தெரிவு; குறித்த ஏவல்களைத் திரும்பத் திரும்பச் செய்தல் மீள்செய்கை. முதலிரண்டையும் மாணவர் விரைந்து பற்றிக்கொள்கின்றனர். மூன்றாவதிலேதான் கால் இடறுகின்றது. ஒரே எண் திரையில் ஓயாது ஓடுகின்றது. அல்லது கணினி ஒன்றுஞ் சொல்லாது உறைந்து நிற்கின்றது. அல்லது பத்து விடை வரவேண்டிய இடத்தில் ஒன்பதே வருகின்றது. ‘இத்துறை நமக்கு ஒவ்வாது’ என்று கைவிடும் மாணவர் பலர் இவ்விடத்திலேயே கைவிடுகின்றனர்.

இதனைக் கணித ஆசிரியரன்றோ எழுதவேண்டும், தமிழாசிரியனுக்கு ஈண்டு என்ன அலுவல் என்று வினவுவார் உளராகலாம். நம் மாணவர் தமிழிலே சிந்தித்துப் பின்னர்ப் பாஸ்காலிலோ பைதனிலோ எழுதுகின்றனர். ஆகவே, பிழை கணினியிற் புகுமுன்னரே தமிழ் வாக்கியத்திற் பிறந்துவிடுவதும் உண்டு. வாக்கியத்தைத் திருத்துதல் தமிழாசிரியனுக்கு உரிய தொழிலேயாம்.

நான்கு உறுப்புகள்

மீள்செய்கை நமக்குப் புதியதொன்றன்று. மருதமுனைத் தறியில் நாடா இடமும் வலமுமாக ஓடுகின்றது. ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓர் ஊடை நூல் சேர்கின்றது. துணி வேண்டிய நீளம் ஆனதும் நெசவாளி நிறுத்துகின்றார். இதன்கண் நான்கு உறுப்புகளைக் காணலாம்: தொடக்கம், நிபந்தனை, செயல், நகர்வு. தொடங்கும்போது துணியின் நீளம் சுழி. வேண்டிய நீளத்திற் குறைவாக இருக்கும் வரை நெய்க என்பது நிபந்தனை. நாடாவை ஓட்டுதல் செயல். ஓர் இழையளவு துணி வளர்தல் நகர்வு. இந்நான்கனுள் ஒன்று பழுதுபடினும் மீள்செய்கை முழுதும் பழுதுபடும்.

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களை அச்சிடும் ஏவலைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்:

எண் = 1
எண் 5ஐ விஞ்சாதிருக்கும் வரை:
— எண்ணை அச்சிடு
— எண் = எண் + 1

இறுதி அடியைக் கண்டு மாணவர் திகைப்பதுண்டு. ஓர் எண் தன்னினும் ஒன்று கூடியதற்குச் சமமாதல் யாங்ஙனம்? இங்குள்ள குறி சமன் கூறுவதன்று, வைத்தலைக் கூறுவது. ‘எண் என்னும் பெட்டியில் உள்ளதனோடு ஒன்று கூட்டி, அதனை அப்பெட்டியிலேயே வை’ என்பது அதன் பொருள். பாஸ்கால் மொழி இம்மயக்கத்தைத் தவிர்க்கவே முக்காற்புள்ளியுடன் கூடிய வேறு குறியை ஆளுகின்றது.

நில்லா ஓட்டம்

நகர்வை எழுத மறந்தால் எண் என்றும் 1 ஆகவே இருக்கும். 1 என்றும் 5ஐ விஞ்சாது. ஆகவே மீள்செய்கை என்றும் நில்லாது. கன்ட்ரோல் சாவியையும் ‘சி’ சாவியையும் ஒருங்கே அழுத்திப் பெரும்பாலும் அதனை நிறுத்தலாம். பின்னர் நகர்வு எங்கேயென்று தேடுக.

நகர்வை எழுதியும் நில்லாத இடங்கள் உள. பைதன் மொழியில் உள்தள்ளி எழுதிய அடிகளே மீள்செய்கைக்கு உரியன. நகர்வு அடியை உள்தள்ளாமல் இடவோரத்தில் எழுதினால் அது மீள்செய்கைக்குப் புறத்ததாகிவிடும். கணினி அவ்வடியை ஒருபோதும் வந்தடையாது. பாஸ்காலில் உள்தள்ளலுக்குப் பொருளில்லை. அங்குச் செயலையும் நகர்வையும் ‘பிகின்’, ‘எண்ட்’ என்னும் இரு சொற்களுக்கிடையே அடைக்காவிடின் முதல் ஏவல் மட்டுமே மீளும். இன்னும், ‘வைல்’ நிபந்தனையின் ஈற்றில் வரும் ‘டூ’ என்னும் சொல்லையடுத்து ஓர் அரைப்புள்ளி இட்டால், ‘ஒன்றுஞ் செய்யாதே; அதையே திரும்பத் திரும்பச் செய்’ என்று ஏவியதாக முடியும். ஒரு புள்ளி பொருளை அழிக்குமென்று இலக்கண வகுப்பிற் கூறுவது கணினிக்கும் பொருந்துவதேயாம்.

‘வரை’ தரும் இரு பொருள்

‘தொட்டியில் நீர் இருக்கும் வரை இறை’, ‘தொட்டியில் நீர் நிறையும் வரை இறை’ என்னும் இரண்டு வாக்கியங்களை நோக்குக. இருக்கும், நிறையும் என்னும் இரண்டும் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சங்களே. இரண்டனையும் அடுத்து வருவது ‘வரை’ என்னும் ஒரே சொல்லே. ஆயினும் முன்னதில் நீர் இருத்தல் மெய்யாக உள்ளளவும் வேலை நடைபெறுகின்றது. பின்னதில் நிறைதல் மெய்யானவுடன் வேலை நிற்கின்றது. முன்னது ஒரு நிலையைக் கூறுகின்றது. பின்னது ஒரு நிகழ்வைக் கூறுகின்றது. தமிழ் பேசுவோர்க்கு இவ்வேறுபாடு சொல்லாமலே விளங்கும். கணினிக்கோ விளங்காது.

1970இல் சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்கிளவுஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கால் மொழி இவ்விரண்டிற்கும் இரு வேறு ஏவல்களை வைத்துள்ளது. ‘வைல்’ என்பது நிபந்தனை மெய்யாக இருக்கும் வரை ஓடுவது. ‘ரிப்பீட் – அன்டில்’ என்பது நிபந்தனை மெய்யாகும் வரை ஓடுவது. முன்னது நிபந்தனையை முதலிற் பார்ப்பதால் ஒருமுறையேனும் ஓடாமலிருத்தல் கூடும். பின்னது செய்தபின் பார்ப்பதால் ஒருமுறையாவது ஓடியே தீரும். 1991இல் வெளிவந்த பைதன் மொழியிலோ ‘வைல்’ மட்டுமே உண்டு. முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியும் நிபந்தனையையடுத்து ‘வரை’ என்று எழுதுவது ‘இருக்கும் வரை’ என்னும் பொருளிலேயாம்.

‘நிறையும் வரை’ என்று மனத்திலெண்ணிய மாணவன் ‘வைல்’ ஏவலில் ‘நிறைந்தது’ என்று நிபந்தனை எழுதுகின்றான். தொட்டி தொடக்கத்தில் நிறைந்திருக்கவில்லை, நிபந்தனை பொய், மீள்செய்கை ஒருமுறையும் ஓடவில்லை. இதற்கு மருந்து எளிது. ‘வைல்’ எழுதுமுன் நிபந்தனையை ‘இருக்கும் வரை’ என்று முடியுமாறு சொல்லிப் பார்க்க வேண்டும். ‘நிறையும் வரை’ என்பது ‘நிறையாதிருக்கும் வரை’ என்றாகும். எதிர்மறை தானே வந்து தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

எதிர்மறையாக்குங்கால் மற்றுமொரு கண்ணி உண்டு. ‘விடை ஆம் அல்லது இல்லை ஆகும் வரை கேள்’ என்பதை மாற்ற முனைந்த மாணவன், ‘விடை ஆம் அன்று அல்லது விடை இல்லை அன்று’ என்று எழுதுகின்றான். எவ்விடையும் ஒருங்கே ஆமும் இல்லையும் ஆகாதாகலின் இந்நிபந்தனை எஞ்ஞான்றும் மெய்யே, கேள்வி ஓயாது. எதிர்மறை புகுந்தால் ‘அல்லது’ என்பது ‘உம்’ ஆதல் வேண்டும்: ‘விடை ஆமும் அன்று, இல்லையும் அன்று.’ இவ்விதிக்குப் பெயர் தந்த ஆங்கிலக் கணித அறிஞர் ஒகஸ்டஸ் டி மோர்கன், 1806இல் மதுரையிற் பிறந்தவர் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி.

எல்லை உள்ளா, புறமா?

‘ஒன்று முதல் பத்து வரை’ என்றால் பத்தும் உட்பட என்றே கொள்கின்றோம். பாஸ்காலின் ‘ஃபோர்’ ஏவலும் அவ்வாறே கொள்கின்றது. பைதனில் ‘ரேஞ்ச்’ என்பதனுள் 1, 10 என்று எழுதினாலோ 9 உடன் நின்றுவிடும். பத்து வேண்டின் 11 என்று எழுதல் வேண்டும். இது மொழியின் குறையன்று. இறுதி எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் எத்தனை சுற்று என்பது நேரே கிடைக்கும் என்னும் வசதி பற்றி, டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய குறிப்பொன்றில் இம்முறையையே ஆதரித்தார்.

ஒன்று கூடுதலும் ஒன்று குறைதலும் வாழ்விலும் நேர்வனவே. 100 அடி வேலிக்குப் பத்தடிக்கு ஒரு கதியால் நடவேண்டின் எத்தனை கதியால்? பத்து என்று வாய் முந்தும், வேண்டுவன 11. இடைவெளிகளே பத்து. எதனை எண்ணுகின்றோம், கதியாலையா இடைவெளியையா என்று முதலில் தெளிதல் வேண்டும்.

எம் ஊர்ப்புறத்து முஸ்லிம் மாணவர் நன்கறிந்த உதாரணமும் ஒன்றுண்டு. ஹஜ்ஜுக்குச் செல்வோர் ஸபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை தொங்கோட்டம் செய்கின்றனர். ஸபாவிலிருந்து மர்வாவுக்குச் செல்வது ஒன்று. மீண்டு வருவது இரண்டு. போய்வருதலை ஒன்றாக எண்ணுவோர் பதினான்கு முறை நடந்துவிடுவர். ஏழு என்பது ஒற்றைப்படையாகலின் ஓட்டம் மர்வாவிலேயே முடிதல் வேண்டும். ஸபாவில் முடிந்ததாயின் எண்ணிக்கை பிழைத்தது என்பது திண்ணம். முடிவிற் பார்க்கத்தக்க இத்தகைய அடையாளம் ஒன்றை ஒவ்வொரு மீள்செய்கைக்கும் முன்னரே வகுத்துக்கொள்ளுதல் நன்று.

தொடக்கத்தின் இடம்

ஐந்து பாடப் புள்ளிகளைக் கூட்டவேண்டிய மாணவன் ‘கூட்டுத்தொகை = 0’ என்னும் அடியை மீள்செய்கைக்கு உள்ளே எழுதிவிடுகின்றான். ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்தது அழிந்து, ஈற்றுப் பாடத்தின் புள்ளி மட்டுமே மிஞ்சுகின்றது. ஒருமுறை செய்யவேண்டியது புறத்தே. ஒவ்வொரு முறையும் செய்யவேண்டியது அகத்தே. அன்றியும் கூட்டலைச் சுழியிலிருந்து தொடங்கலாம். பெருக்கலை ஒன்றிலிருந்தே தொடங்கவேண்டும். சுழியிலிருந்து தொடங்கிய பெருக்கம் எத்தனை சுற்று ஓடினும் சுழியேயாம்.

கையால் ஓட்டிப் பார்த்தல்

பிழை கண்டதும் அடிகளை அங்குமிங்கும் மாற்றி, தற்செயலாகச் சரிவரும் என்று காத்திருத்தல் கற்கும் நெறியன்று. எழுதுகோலும் தாளும் எடுத்து, கணினி செய்வதைத் தானே செய்து பார்த்தல் வேண்டும். 1 முதல் 3 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை 6. ஒரு மாணவனுக்கு 3 வந்தது. அவன் ‘எண் 3இலும் சிறிதாக இருக்கும் வரை’ எண்ணைத் தொகையிற் கூட்டிப் பின் எண்ணை ஒன்றால் உயர்த்துமாறு எழுதியுள்ளான். தாளில் ஓட்டுவோம்:

முதற் பார்வை: எண் 1, நிபந்தனை மெய், தொகை 1, எண் 2 ஆகின்றது.
இரண்டாம் பார்வை: எண் 2, நிபந்தனை மெய், தொகை 3, எண் 3 ஆகின்றது.
மூன்றாம் பார்வை: எண் 3, நிபந்தனை பொய், ஓட்டம் நின்றது.

மூன்றைக் கூட்டுமுன்னரே நின்றுவிட்டது தெளிவு. ‘3ஐ விஞ்சாதிருக்கும் வரை’ என்று மாற்றப் பிழை தீரும். ஈண்டு மாணவன் விதியொன்றை மனனஞ் செய்யவில்லை. பிழை உறையும் இடத்தைத் தன் கண்ணாலேயே கண்டான். திருத்திய பின் சுற்றே ஓடாத நிலை, ஒருமுறை மட்டும் ஓடும் நிலை, எல்லையில் நிற்கும் நிலை ஆகிய மூன்றையும் சோதித்தல் வேண்டும்.

வல்லுநர்க்கும் நேர்ந்த பிழை

எல்லையைச் சோதியாமை பெருநிறுவனங்களையும் விட்டதில்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ‘சூன்’ என்னும் இசைக்கருவிகளுள் 30 கிகாபைட்டு வகையைச் சேர்ந்தவை, 2008 டிசம்பர் 31ஆம் நாள் உலகெங்கும் உறைந்து நின்றன. அவற்றின் கடிகாரச் செய்நிரல், நாட்களின் தொகை 365ஐ விஞ்சியிருக்கும் வரை ஓராண்டுக்குரிய நாட்களைக் கழித்துக்கொண்டே செல்வது. நெட்டாண்டாயின், தொகை 366ஐ விஞ்சினால் மட்டுமே 366ஐக் கழிக்கும். 2008 நெட்டாண்டு, டிசம்பர் 31 அதன் 366ஆம் நாள். 366 என்பது 365ஐ விஞ்சியதாகலின் மீள்செய்கை நிற்கவில்லை. 366ஐ விஞ்சாததாகலின் எதுவும் கழியவில்லை. நகர்வு இல்லாத சுற்று! மின்கலம் வடிந்து, புத்தாண்டு பிறந்த பின்னரே அவை மீண்டும் இயங்கின. 366 என்னும் ஓரெண்ணை வைத்துத் தாளில் ஒருமுறை ஓட்டியிருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும்.

கற்பிப்போர்க்கு ஒரு வேண்டுகோள்

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் ஆசிரியரும் பொறியியலாளரும், தம்பி தங்கையர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்போரும் பலர் உளர். பிள்ளையொருவன் ஓடாத மீள்செய்கையைக் கொண்டுவந்து காட்டினால், பிழைத்த அடியைத் தாமே திருத்திக் கொடுத்துவிடாதிருப்பாராக. அன்று ஒரு செய்நிரல் ஓடும். பிள்ளை கற்றது ஒன்றுமிராது. அதற்கு மாறாக நான்கு வினாக்களைக் கேட்பாராக. எங்கே தொடங்குகின்றது? எது மெய்யாக இருக்கும் வரை ஓடுகின்றது? ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுகின்றது? அம்மாற்றம் முடிவை நோக்கிச் செல்கின்றதா? விடைகளை முழுத் தமிழ் வாக்கியங்களாகச் சொல்லச் செய்வாராக. சொல்லும்போதே பிள்ளை தானாக நிறுத்தி, ‘இங்கேதான் பிழை’ என்று சுட்டுதல் கூடும்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றுக் கற்பித்தவர்; 1930களில் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலுக்கு ஏற்ற சொல்லைத் தமிழில் தேடுதல் இக்கரையோரத்தார்க்குப் புதிதன்று. சொல்லைத் தேடியதோடு அமையாது, அதன் பொருள் எல்லையை அளந்து ஆளவும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக. ‘இருக்கும் வரை’ எது, ‘ஆகும் வரை’ எது என்று பிரித்தறிந்த பிள்ளை, நில்லாது ஓடும் திரையைக் கண்டு அஞ்சி எழுந்து செல்லமாட்டான். தாளை எடுத்து முதற் சுற்றை எழுதத் தொடங்குவான்.