‘டிரெய்னி’ என்றால் அப்ரண்டிஸ் இல்லை: சேரும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

காலை ஆறு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் நின்று பார்த்தால் ஒரகடம், மறைமலைநகர் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். சீருடையோடு ஏறுகிறவர்களில் நிறைய பேர் இப்போதுதான் ஐடிஐ முடித்த பிள்ளைகள். கழுத்தில் தொங்கும் அட்டையில் சிலருக்கு ‘அப்ரண்டிஸ்’ என்று இருக்கும், சிலருக்கு ‘டிரெய்னி’ என்று இருக்கும். ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றும். ஒன்றில்லை.

என் சித்தி பையன் ஃபிட்டர் படித்தவன். ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து பதினோரு மாதம் உதிரிபாகங்களைப் பெட்டியில் அடுக்கினான். பன்னிரண்டாவது மாதம் ‘வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. “தொழில் ஏதாவது பழகினியாடா?” என்று சித்தி கேட்டதற்கு, “டேப் ஒட்டப் பழகினேன்மா” என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

தொழிற்பழகுநர் பயிற்சி என்றாலே எல்லோரும் ஜெர்மனியைச் சொல்வார்கள். அங்கே என்னதான் செய்கிறார்கள்? வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் தொழிற்சாலை, மீதி நாள் தொழிற்பள்ளி. தொழிலைப் பொறுத்து இரண்டு வருடம் முதல் மூன்றரை வருடம் வரை இப்படிப் போகும். ஆனால் என்னைக் கேட்டால், நாள் கணக்கு பெரிய விஷயமில்லை. சேரும்போதே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் தகுதியுள்ள ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும். மாணவர் தான் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி வர, பயிற்றுநர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் குறிப்பேடு இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. தேர்வை நடத்துவதும் அந்தக் கம்பெனி இல்லை, வெளியே இருக்கும் தொழில் சபை. அதனால் பெட்டி அடுக்க வைத்தே மூன்று வருடம் ஓட்டுவது அங்கே அவ்வளவு சுலபமில்லை.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. ஜெர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டம் 1969-இல்தான் வந்தது, அதாவது எட்டு வருடம் நம்முடையது மூத்தது! 2016-இல் ஜெர்மன் முறையைப் பார்த்து ஐடிஐகளில் ‘இரட்டைப் பயிற்சி முறை’யும் தொடங்கப்பட்டது. இதில் படிப்புக் காலத்திலேயே ஒரு பகுதி தொழிற்சாலையில் நடக்கும். தொழிற்சாலையில் இருக்கும் மெஷின் ஐடிஐயிலும் இருந்தால்தானே இது சரிப்படும்? தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியது அதற்காகத்தான். அப்படி உயர்த்தப்பட்டவற்றில் ஒரகடம் அரசு ஐடிஐயும் ஒன்று.

சட்டப்படி 30 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு இது விருப்பம்தான். நம்ம ஊரில் முறை இடறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் லேத் பட்டறைகளில் மேஸ்திரியிடம் நிற்கும் பையன் உண்மையிலேயே தொழில் கற்கிறான். சில சமயம் பெரிய கம்பெனியில் இருப்பவனைவிட நன்றாகவே கற்கிறான். ஆனால் அவனுக்குச் சான்றிதழ் கிடையாது. ஜெர்மனியில் சின்னப் பட்டறைகளும் முறைப்படி பழகுநர்களை எடுக்கின்றன. இங்கே பட்டறை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், நாலு பேர் வேலை செய்தாலே நீங்களும் பதிவு செய்யலாம்.

சரி, சேரப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும்? முதலில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், மொபைலிலேயே முடியும். கம்பெனி உங்களைத் தேர்வு செய்தால் ஒப்பந்தம் உங்கள் லாகினில் வரும். எந்த டிரேடு, எத்தனை மாதம், எவ்வளவு உதவித்தொகை என்று படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பந்தத்தில் சேர வேண்டும். ‘சேர்ந்துடுங்க, ஒப்பந்தம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ‘அப்புறம்’ பல பேருக்கு வந்ததே இல்லை.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, 2019-இல் திருத்திய விதிகளில் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய் என்று வைத்தார்கள். இப்போதைய தொகையை இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் வரும் கம்பெனி என்றால், மத்திய அரசின் பங்கு (அதிகபட்சம் 1,500 ரூபாய்) நேராக உங்கள் கணக்குக்கு வரும். அதனால் பணம் இரண்டாகப் பிரிந்து விழுந்தால் பயப்பட வேண்டாம்.

பழகுநர் சட்டப்படி தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். ஓவர்டைம் வாங்குவதற்குப் பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. கம்பெனி ஒப்பந்தப்படி நடக்காமல் பயிற்சி பாதியில் முறிந்தால், அதற்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை யாராவது மாற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு மிஞ்சுவது அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் கிடைக்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். ரயில்வேயின் லெவல்-1 பணிகளில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்த ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’களுக்கு ஒதுக்கப்படுகிறது. பெரம்பூர் ஒர்க்‌ஷாப் அறிவிப்பு வரும்போது தாம்பரம் பிள்ளைகள் அடித்துப்பிடித்து விண்ணப்பிப்பது இதனால்தான்.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் ஒரு நோட்டு போடுங்கள். இன்று எந்த மெஷின், என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தினமும் இரண்டு வரி எழுதினால் போதும். ஒரு மாதம் முழுக்க ‘பேக்கிங்’ என்றே எழுதியிருந்தால், அந்த நோட்டோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போகலாம். டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிய வேண்டும். அதைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் தரமணியில் இருக்கிறது.

சித்தி பையன் இப்போது வேறொரு இடத்தில், ஒப்பந்தம் பதிவான பிறகே சேர்ந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், வெர்னியர் காலிப்பரில் அளவு எடுப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். எனக்குப் பாதி புரியவில்லை.