பம்ப் வேலைக்கு விட்ட ரெக்கவரி வேனைப் பட்டறைக்காரர் பிடித்துவைக்கலாமா?

கேள்வி: தொப்பூர் பக்கம் ஒரே ஒரு ரெக்கவரி வேன் வைத்துப் பிழைக்கிறேன். 2004 மாடல், நாலு சிலிண்டர் டீசல் வண்டி. நானேதான் ஓட்டுகிறேன், கூட உதவிக்கு ஒரு பையன். இழுவை குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகவும் சிரமப்பட்டதால் சேலத்தில் ஒரு டீசல் பம்ப் பட்டறையில் விட்டேன். பம்ப், நாசில், ஃபீட் பம்ப், டீசல் லைன் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். வேலை முடிந்ததும் 71,000 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 50,000 கட்டினேன். மீதியைப் பிறகு தரச் சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டார். கழற்றிய பழைய பாகங்களைத் தரவில்லை. ஒரு மாதத்துக்குள் கரும்புகை. லோடு ஏற்றினால் கணவாய் ஏறவில்லை. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போனபோது புகைச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். திரும்பக் கொண்டுபோய் விட்டதும், "உன் டேங்க்கில் தண்ணி, அதான் பம்ப் போச்சு" என்று சொல்லி இன்னும் 24,000 கேட்கிறார். அதோடு பழைய பாக்கி 21,000, என் அண்ணன் லாரிக்குச் செய்த வேலையின் பாக்கி, நாளுக்கு 300 ரூபாய் நிறுத்த வாடகை எல்லாம் கட்டினால்தான் வண்டி என்கிறார். எஃப்.சி.யும் முடிந்துவிட்டது. என்னை அழைத்துக்கொண்டிருந்த காப்பீட்டு நிறுவனம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. என்னிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. எடுத்து வந்துவிடலாமா? நுகர்வோர் ஆணையம் தொழில் வண்டிக்குப் பொருந்துமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: மாற்றுச் சாவியை முதலில் மறந்துவிடுங்கள். வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் பழுது பார்த்த கூலிக்காகச் சட்டப்படி ஒருவர் பிடித்துவைத்திருக்கும் பொருளை, அந்தப் பிணையை இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு எடுத்தால் உரிமையாளரே திருடியவர் ஆவார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, கடிகாரம் பழுது பார்த்தவரிடமிருந்து தன் கடிகாரத்தையே எடுத்துப் போனவரை உதாரணமாகக் காட்டி இதைச் சொல்கிறது. இன்று நியாயம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒரு ராத்திரி வேலையில் நீங்கள் குற்றவாளி ஆகிவிடக் கூடாது.

அவருடைய பிடிமான உரிமை எவ்வளவு தூரம் செல்லும்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 170ஆம் பிரிவு, தொழில் திறமையைச் செலவிட்டு ஒரு பொருளில் வேலை செய்தவர் அந்த வேலைக்கான கூலி கிடைக்கும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 'அந்த வேலைக்கான' என்பதைக் கவனியுங்கள். முதல் முறை 21,000 பாக்கியோடு வண்டியை அவரே வெளியே விட்டார். கைவிட்டுப் போன அன்றே அந்த வேலைக்கான பிடிமானம் முடிந்தது; இப்போது வேறு காரணத்துக்காக வண்டி உள்ளே வந்ததால் அது திரும்ப உயிர் பெறாது. அந்தத் தொகையைக் கேட்டு அவர் வழக்குப் போடலாம், வண்டியைக் காட்டி வாங்க முடியாது. உங்கள் அண்ணனின் பாக்கிக்கு இதில் இடமே இல்லை. எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை 171ஆம் பிரிவு வங்கி போன்ற சில வகையினருக்கு மட்டுமே தருகிறது. பட்டறைகள் அந்த வரிசையில் இல்லை. நிறுத்த வாடகையும் அப்படித்தான். தன் கூலிக்காகத் தானே பிடித்துவைத்திருப்பவர், முன்கூட்டிப் பேசாத வாடகையைக் கேட்க முடியாது என்பதே என் கருத்து. மிஞ்சுவது 24,000. அதிலும் நீங்கள் செய்யச் சொன்ன வேலை, செய்து முடித்த வேலை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் உரிமை உண்டு. பம்பைத் திறந்து பார்த்ததோடு சரி என்றால் அந்த உரிமை மிகவும் சுருங்கிவிடும்.

ஆனாலும் என் யோசனை, சண்டை முடியும்வரை வண்டியை அங்கே நிற்க விடாதீர்கள் என்பதுதான். ஒப்பந்தத்தை மீறியதால் வந்த நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க உங்கள் கையில் இருந்த வழிகளையும் பார்க்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆறு மாதம் சும்மா நிற்க விட்டு ஆறு மாத வருமானத்தைக் கேட்டால் கிடைக்காது. முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். செய்த வேலைக்கு இனவாரியான பில், பழைய பாகங்கள், வண்டி மூன்றையும் கேளுங்கள். மறுத்தால், கேட்கும் தொகை உங்களால் புரட்டக்கூடியதாக இருந்தால் கட்டிவிட்டு எடுங்கள். ரசீதில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதுங்கள். அவர் எழுத விடாவிட்டால் பணத்தைக் கணக்கில் அனுப்பிவிட்டு அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் அதே வாசகத்தை அனுப்புங்கள். 72ஆம் பிரிவு, சரக்கைக் கொடுக்க மறுத்து ரயில்வே கம்பெனி கூடுதல் கட்டணம் வாங்கிய உதாரணத்தைச் சொல்லி, அந்தக் கூடுதலைத் திரும்பப் பெறலாம் என்கிறது. உங்கள் நிலைமை அதேதான். பணம் புரட்ட முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு சேர்த்து, வண்டியை விடுவிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

அடுத்து நிரூபணம். இதில்தான் இப்படிப்பட்ட பல வழக்குகள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வண்டி வெளியே வந்ததும் வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து பம்பை உடனே பிரித்துவிடாதீர்கள். நல்ல பம்ப் பட்டறையில் கேலிப்ரேஷன் முடிந்ததும் அளவு திருகுகளுக்குக் கம்பி கட்டி ஈய சீல் வைப்பார்கள். அந்த சீல் இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, வைக்கவே இல்லையா என்று தேதி தெரியும்படி படம் எடுங்கள். பிறகு, இன்ன நாள் இன்ன இடத்தில் பம்பையும் நாசில்களையும் டெஸ்ட் பெஞ்சில் போடப்போகிறோம், விருப்பமிருந்தால் வந்து பாருங்கள் என்று முதல் பட்டறைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர் பொறுப்பு. பெஞ்ச் அறிக்கையில் பம்புக்குள் இருக்கும் நாலு எலிமென்ட்டும் தள்ளும் டீசல் அளவு, நாலு நாசிலும் திறக்கும் அழுத்தம் எல்லாம் எண்ணாக வரவேண்டும். கழற்றிய எலிமென்ட்டில் துரு இருக்கிறதா, புதிதாகப் போட்டதாகச் சொன்ன பாகம் புதியதுதானா என்பதையும் டெஸ்ட் பெஞ்ச் பட்டறைக்காரர் கையெழுத்திட்டு எழுதித் தரவேண்டும்.

டேங்க்கில் தண்ணீர் என்ற வாதத்துக்கு விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் எலிமென்ட் துருப்பிடித்து இறுகும், இன்ஜின் திக்கும், அணையும். கரும்புகை வேறு ஜாதி: எரிவதற்கு உள்ள காற்றைவிட அதிக டீசல் விழுகிறது என்று அர்த்தம். பம்பில் ஃபுல் லோடு அளவை ஏற்றி வைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம், டைமிங் தவறியிருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே புகை வரும். அதனால் அதை நீங்களே முதலில் பாருங்கள், இல்லையென்றால் எதிர்த் தரப்பு வக்கீல் பார்ப்பார். தண்ணீர் உண்மையிலேயே இருந்தால்கூட விஷயம் அதோடு முடியவில்லை. 22 வருட வண்டியின் டீசல் லைனையும் சேர்த்து வேலைக்கு எடுத்தவர், டேங்க்கைக் கழுவாமல் புது எலிமென்ட் போட்டால் அது தாங்காது என்று சொல்லியிருக்க வேண்டியவர். அவர் சொல்லியும் நீங்கள் வேண்டாம் என்றிருந்தால் மட்டும் கதை மாறும். அப்படி நடந்ததா என்பதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

எஃப்.சி. நிராகரிப்புச் சீட்டும் பத்திரம். உங்கள் வண்டியின் காலத்துக்குப் புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. வேலைக்கு முன் எடுத்த புகைச் சான்றிதழில் அளவு குறைவாக இருந்து, வேலைக்குப் பின் வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு தாளும் பெரிய சாட்சி. வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

71,000 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மதிப்பீடு என்பது கறாரான விலை அல்ல. பம்பைத் திறந்த பிறகு தேய்மானம் தெரிவது உண்டு. ஆனால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்போது உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நீங்களும் மறுப்புச் சொல்லாமல் 50,000 கட்டியிருக்கிறீர்கள், அது உங்கள் பலவீனம். பழைய பாகங்களும் இனவாரி பில்லும் இல்லாததுதான் அதற்கு உங்கள் பதில். பில் தராமல் இருப்பதையே 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்றே நினைக்கிறேன். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் லாரி வாங்கினாலும் ஆட்டோ வாங்கினாலும் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் அந்தத் தகுதி போகாது என்றது. சுயதொழில் விலக்கைச் சொல்லும் விளக்கம் 2019 சட்டத்தில் பொருள்களை மட்டும் குறிப்பிடுகிறது, சேவையை அல்ல என்று எதிர்த் தரப்பு கிளப்பக்கூடும். எலிமென்ட்டும் நாசிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்கள் என்பதை அதனால்தான் புகாரில் அழுத்தமாக எழுத வேண்டும். சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வண்டி ஓடாத நாள்களின் சராசரி வருமானத்தைக் கேளுங்கள். டைரி, வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் ரசீது எது இருந்தாலும் சேருங்கள். காப்பீட்டு நிறுவன வேலை போனதற்கு நஷ்டஈடு கிடைப்பது கடினம். மில் இயந்திரம் தாமதமாக வந்ததால் அரசு ஒப்பந்தத்தை இழந்தவருக்கு, மில் நின்ற நாள்களின் சராசரி லாபம் உண்டு, அந்த ஒப்பந்த நஷ்டம் இல்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின் உதாரணமே சொல்கிறது. வேலைக்கு விடும்போதே காப்பீட்டு நிறுவன ஏற்பாட்டைப் பட்டறைக்காரரிடம் சொல்லியிருந்தால் எழுதுங்கள், வாதாடிப் பார்க்கலாம்.

போலீசுக்கு இப்போது போகத் தேவையில்லை. கூலித் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டியை விற்க முயன்றாலோ பாகங்களைக் கழற்றினாலோ அப்போது போங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் அதை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது, வழியில் விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். இன்னொரு ரெக்கவரி வேனைக் கூப்பிட்டு ஏற்றி வாருங்கள். அந்த வாடகை ரசீதையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள், அதுவும் நீங்கள் கேட்க வேண்டிய செலவுதான்.