விளக்கு வழியே பாட்டு



'லைஃபை' என்ற சொல் நம் செமினார் தலைப்புகளில் அடிக்கடி வருகிறது. ரேடியோ அலைக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே தகவலை ஏற்றி அனுப்பும் முறை இது. பெயர்தான் புதிது, விஷயம் பழசு. தொலைபேசி தந்த கிரகாம் பெல், 1880-லேயே வாஷிங்டனில் சூரிய ஒளியைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்து 213 மீட்டர் தூரம் பேச்சை அனுப்பிவிட்டார். எல்இடி விளக்கிலும் இதைச் செய்யலாம் என்று எடின்பரோ பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ் 2011-ல் செய்து காட்டி, 'லைஃபை' என்று பெயரும் வைத்தார். நம் நாட்டில் எர்நெட் அமைப்பும் சென்னை ஐஐடியும் சேர்ந்து சோதித்த செய்தி 2018-ல் வந்தது.

இதன் அடிப்படை, பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பாவுக்கும் தெரியும். பென்னாகரம் பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானை வரும். ராத்திரி பரண்மேல் காவல் இருப்பவர் டார்ச்சை ரெண்டு தடவை அணைத்துப் போட்டால், 'வந்துடுச்சு' என்று அடுத்த கொல்லைக்காரருக்குப் புரியும். எரிந்தால் 1, அணைந்தால் 0. அவ்வளவுதான். எல்இடி அதையே விநாடிக்குப் பல லட்சம் தடவை செய்கிறது. நம் கண்ணுக்கு அது சும்மா எரிகிற விளக்கு. எதிரே உள்ள போட்டோ டயோடு அந்த மினுக்கலை மின் சிக்னலாக மாற்றும்.

வெள்ளை எல்இடியில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருப்பது நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்தப் பூச்சு மெதுவாகத்தான் அணையும், வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் ரிசீவர் முன்னால் நீல ஃபில்டர் வைக்கிறார்கள். (வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள்!)

நீங்களே செய்து பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி, 390 ஓம் ரெசிஸ்டர், வெள்ளை எல்இடி மூன்றையும் தொடராக இணையுங்கள். போனின் ஹெட்போன் சிக்னலை 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக எல்இடிக்குக் கொடுங்கள். பேட்டரி எதற்கு? சிக்னல் மைனஸ் பக்கம் போகும்போதும் எல்இடி அணையாமல் இருக்கத்தான். எதிரே ஒரு சின்ன சோலார் பேனல். அதை இன்னொரு கெபாசிட்டர் வழியே ஸ்பீக்கரின் ஆக்ஸ் முனையில் சேர்த்தால் பாட்டு கேட்கும். நடுவில் கையை வைத்தால் நின்றுவிடும். பேனலைக் குண்டு பல்புக்குக் காட்டினால் 'உர்ர்' என்று சத்தம் வரும். அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட். பல்பின் வெளிச்சம் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குவதைக் காதால் கேட்கிறோம்!

வீட்டில் இதைக் காட்டியபோது, "இத வெச்சு நம்ம ஊருல டவர் இல்லாமயே போன் பேசலாமாடா?" என்றார் அப்பா. முடியாது. லைஃபை ஒரு சுவரைக்கூடத் தாண்டாது, அறைக்குள் மட்டும்தான். கிராமத்துக் குறையை இது தீர்த்துவிடும் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மலைக்கு மலை அனுப்ப வேறு வழி உண்டு. ஆல்ஃபபெட் நிறுவனத்தில் உருவான 'தாரா' திட்டம், கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையால் 2021-ல் காங்கோ ஆற்றின் இரு கரைகளையும் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு இணைத்தது. அதை நடத்தியவர் சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசாமி. காடும் பாறையுமாக, கேபிளுக்குப் பள்ளம் தோண்டுவதே கஷ்டமான எங்க பக்கத்துக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஆனா மூடுபனி வந்தால் கற்றை மங்கிவிடும். துணைக்கு ஒரு ரேடியோ இணைப்பும் வேண்டும். எங்க ஊரில் கேழ்வரகு முற்றுவதும் பனி இறங்குவதும் ஒரே பருவத்தில்தான்.