கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது

வாசற்கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம். ஆனால் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எவனோ உள்ளிருந்தபடியே நீக்கி வைத்துவிட்டான். வாசற்பூட்டினால் என்ன பயன்? கணிப்பொறிக்குள்ளும் இப்படித் தாழ்ப்பாள் நீக்கும் நிரல்கள் உண்டு. கடவுச்சொல் இல்லாமலேயே வெளியார் உள்ளே நுழைய இவை வழி செய்கின்றன. இவற்றைக் கொல்லைக் கதவு நிரல்கள் என்று அழைக்கலாம்.

2004 ஜனவரி 26 அன்று வெளிப்பட்டு உலகெங்கும் பரவிய 'மைடூம்' என்னும் நிரல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அது மின்னஞ்சலில் வந்தது. 'அஞ்சல் போய்ச் சேரவில்லை', 'பிழை', 'சோதனை' என்பன போன்ற தலைப்புகளை அது தாங்கியிருந்தது. நாம் அனுப்பிய கடிதம்தான் திரும்பி வந்துவிட்டதோ என்று எவருக்கும் தோன்றும் அல்லவா? இணைப்பைத் திறந்தால் நோட்பேடில் பொருளற்ற எழுத்துகள் தெரியும். 'கோப்பு கெட்டுவிட்டது போலும்' என்று மூடிவிடுவார்கள். அதற்குள் வேலை முடிந்திருக்கும்! விண்டோஸின் எந்தக் குறைபாட்டையும் மைடூம் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். கணிப்பொறியின் உரிமையாளரே அதை இயக்கி வைத்தார்.

உள்ளே வந்த நிரல் தன்னை 'டாஸ்க்மான்' என்ற பெயரில் நகலெடுத்துக்கொண்டது. அன்றைய சில விண்டோஸ் பதிப்புகளில் அதே பெயருள்ள நல்ல நிரல் ஒன்று இருந்தது. ஆனால் அது இருந்த இடம் வேறு. கொல்லைக் கதவாகச் செயல்பட்ட பகுதியோ தனியாக ஓடவே இல்லை. விண்டோஸின் எக்ஸ்புளோரர் அதைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும்படி பதிவேட்டில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. ஆகவே, ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தாலும் அதன் பெயர் தென்படாது.

கணிப்பொறி வெளியுலகோடு பேசுவதற்கு 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. 'போர்ட்' என்பது அவற்றின் பெயர். இணையப் பக்கங்களுக்கு 80, அஞ்சல் அனுப்புவதற்கு 25 என்று வழக்கம் உண்டு. மைடூம் 3127 முதல் 3198 வரையுள்ள எண்களில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதன் வழியே எவரும் ஒரு நிரலை அனுப்பி இயக்க முடிந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. பிப்ரவரி 12 அன்று பரவுவதை நிறுத்திவிடும்படியே மைடூம் எழுதப்பட்டிருந்தது. தொல்லை தானே ஒழிந்ததா? இல்லை. பரவுவது நின்றாலும் கதவு திறந்தபடியே இருந்தது. அதற்குள், பிப்ரவரி 9 அன்றே, 'டூம்ஜூஸ்' என்ற மற்றொரு நிரல் புறப்பட்டுவிட்டது. அதற்கு மின்னஞ்சலும் வேண்டியிருக்கவில்லை. இணைப்பைத் திறக்க ஆளும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முகவரியாக 3127ஐத் தட்டிப் பார்த்து, திறந்திருந்த இடங்களில் நுழைந்துகொண்டது.

வெளியிலிருந்து தட்டுவதைத் தீச்சுவர் என்னும் காப்பு தடுத்துவிடும். அதனால் இக்காலக் கொல்லைக் கதவுகள் பலவும் உள்ளிருந்து தாமே வெளியே தொடர்பு கொள்கின்றன. உள்ளிருந்து போவதைத் தீச்சுவர் பெரும்பாலும் ஐயுறுவதில்லை.

சரி, எப்படி நீக்குவது? முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கம்பியோ வைஃபையோ, எதுவானாலும் சரி. 'நெட்ஸ்டாட்' என்னும் கட்டளை, எந்தெந்தப் போர்ட்டுகள் திறந்துள்ளன என்று காட்டும். ஆனால் திறமையான தீநிரல் அந்த விடையையே மாற்றிக் காட்டக்கூடும். நோயுற்ற கணிப்பொறியின் வாக்குமூலத்தை முழுதும் நம்புவதற்கில்லை. எனவே, வேறொரு நல்ல கணிப்பொறியில் தயாரித்த வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ இதைத் தொடங்கிச் சோதிப்பதே மேல். ஜனவரி 28 அன்று வந்த மைடூமின் இரண்டாம் வடிவம், நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களுக்குப் போகும் வழியையே அடைத்துவிட்டது. மருந்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது!

கோப்பை மட்டும் அழித்தால் போதாது. கணிப்பொறி தொடங்கும்போது அதை எழுப்பிவிடும் பதிவேட்டுக் குறிப்பையும் நீக்க வேண்டும். மைடூமை இவ்வாறு முற்றிலும் அகற்ற முடிந்தது. ஆனால் கதவு பல நாள் திறந்து கிடந்திருந்தால், அதன் வழியே வந்தவர் யார், எதை விட்டுச் சென்றார் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அந்நிலையில் பாடக் குறிப்புகள், படங்கள் போன்றவற்றை மட்டும் நகலெடுத்துச் சோதித்துவிட்டு, வட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே சரியான வழி. கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் வரையில் அந்தக் கணிப்பொறியில் அல்ல, வேறொன்றில் அமர்ந்து மாற்றுங்கள்.